மாக்சிமோ கலெனெரோ உயிரோடு இருக்கிறார்

செத்துப்போனவரிடமிருந்து போன் வந்தபோது காலை மணி ஒன்பதே கால். கிரிசாந்தோ பன்னைக் காப்பியில் முக்கி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

"விடிவெள்ளி பேப்பரா?"

"ஆமா, செய்திப் பிரிவு. சொல்லுங்க."

"மாக்சிமோ கலெனெரோ பேசறேன்."

"எந்த மாக்சிமோ?"

"இன்னிக்கு ரெண்டாம் பக்கத்துல கொன்னு போட்டிருக்கீங்களே, அந்த மாக்சிமோ."

ஊறிப்போயிருந்த பாதி பன் உடைந்து காப்பிக்குள் விழுந்தது.

மாக்சிமோ கலெனெரோ யாரென்று இலோயிலோ நகரத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முப்பத்தோரு வருஷம் குத்துச்சண்டை நடுவராக இருந்தவர். அவர் பத்து எண்ணிவிட்டால், விழுந்து கிடந்தவன் எழுந்து ஒரு வார்த்தை வாதாட மாட்டான். அவர் மணிலாவில் ஒரு மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை காலமானார் என்று நிருபர் லூடி எழுதிக் கொடுத்திருந்தாள். செய்தி ஆசிரியனான கிரிசாந்தோ அதற்கு 'எண்ணியவருக்கே எண்ணி முடித்தாயிற்று' என்று தலைப்புப் போட்டிருந்தான். நாற்பது நிமிஷம் யோசித்துப் போட்ட தலைப்பு. காலையில் மனைவியிடம் இரண்டு முறை படித்துக் காட்டியிருந்தான்.

"சார், நீங்க... நல்லா இருக்கீங்களா?"

"உங்க பேப்பரைப் பார்க்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்."

"ஆஸ்பத்திரியில உறுதி பண்ணித்தான் சார் போட்டோம்."

"செக்கப்புக்குப் போனேன். பக்கத்துக் கட்டில்காரன் போயிட்டான். எவளோ ஒரு நர்ஸ் பேரை மாத்தி எழுதிட்டா. நான் பாட்டுக்கு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன். இப்ப நாளைக்கே திருத்தம் போடணும். அதே ரெண்டாம் பக்கம், அதே இடம். எழுத்து பெரிசா இருக்கணும். பொடி எழுத்துல ஒரு மூலையில போட்டுட்டு ஒளிஞ்சுக்கக் கூடாது."

"நிச்சயமா சார். யாரையாவது வீட்டுக்கு அனுப்பி நேர்ல மன்னிப்பு..."

"ஒருத்தனும் வரக்கூடாது" என்று போனை வைத்துவிட்டார்.

கிரிசாந்தோ லூடியைக் கூப்பிட்டான். அவள் மருத்துவமனைச் செய்திகளை ஆறு வருஷமாகப் பார்க்கிறவள். இரண்டு பேரிடம் கேட்காமல் மழை பெய்கிறது என்றுகூட எழுத மாட்டாள்.

"லூடி, கலெனெரோ சாகலையாம்."

"செத்துட்டாருண்ணே. நான் ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ஒண்ணு வார்டு நர்ஸ், இன்னொண்ணு பதிவேடு எழுதறவரு."

"ரெண்டு பேரும் தப்பாச் சொல்லியிருக்காங்க."

"யாருண்ணே சொன்னது?"

"மூணாவதா ஒருத்தர். அவரே."

லூடி தன் நோட்டைத் திறந்து இரண்டு பெயரையும் பார்த்தாள். அப்புறம், "திரும்ப ஒரு தடவை மணிலாவுக்குப் போன் போட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள்.

"எதுக்கு? உயிரோட இருக்கற ஆளு உயிரோட இருக்காரான்னு கேட்கவா? இருக்கற மானமும் போகும். விடு."

பத்து மணிக்கு ஆசிரியர் ஒஃபீலியா மேடம் இருவரையும் அறைக்கு அழைத்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று ரொம்ப நேரம் துடைத்தார்.

"இந்தப் பேப்பர் ஐம்பத்திரண்டு வருஷமா வருது. உயிரோட இருக்கறவங்களைத் திட்டியிருக்கோம், வம்பு பேசியிருக்கோம், கேஸ் வாங்கியிருக்கோம். கொன்னதில்ல. லூடி, இன்னிலேர்ந்து நீ சமையல் பக்கத்தைப் பாரு. அங்க யாரும் சாக மாட்டாங்க."

"மேடம், நான் உறுதி பண்ணித்தான்..."

"உறுதி பண்ணினதுதான் தெரியுதே" என்றார் மேடம். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

லூடி தன் மேசையிலிருந்த மருத்துவமனை போன் நம்பர் நோட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். கிரிசாந்தோ அவளுக்காக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் அந்த நேரத்தில் திருத்தத்தை எழுதிக்கொண்டிருந்தான்.

ஒழுங்காகத்தான் எழுதினான். 'மாக்சிமோ கலெனெரோ காலமானதாக நேற்று வெளியான செய்தி தவறானது. அவர் உயிருடனும் நலமுடனும் இருக்கிறார். நேர்ந்த பிழைக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' இரண்டு முறை படித்துப் பார்த்து, "எழுத்து பெரிசா இருக்கணும்" என்று சொல்லி, பக்கம் வடிவமைக்கும் ரோகேயிடம் கொடுத்தான்.

மறுநாள் வியாழக்கிழமை. ஒன்பது மணிக்கே போன் அடித்தது.

"என்னய்யா எழுதியிருக்கே?"

"திருத்தம் சார். பார்த்தீங்களா?"

"நீ பார்த்தியா?"

கிரிசாந்தோ இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். பெரிய எழுத்தில், நல்ல கறுப்பில், தெளிவாக இருந்தது.

'மாக்சிமோ கலெனெரோ உயிருடனும் நலமுடனும் இருக்கிறார். ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

ரோகேயைப் போய்க் கேட்டதற்கு அவன் நிதானமாகப் பதில் சொன்னான்.

"பெரிய எழுத்து கேட்டே. பெரிய எழுத்துல போட்டா மொத்தமும் உள்ள வராது. கீழ மோட்டார் சைக்கிள் விளம்பரம் நிக்குது, அதை நகர்த்த முடியாது. அதனால அவசியமில்லாத வார்த்தையெல்லாம் எடுத்துட்டேன்."

"பிழைங்கற வார்த்தை அவசியமில்லாததா?"

"பிழைன்னு நாமளே ஏன் சொல்லிக்கணும்னு பார்த்தேன்."

அதற்குள் ஊரில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. கலெனெரோவுக்கும் விடிவெள்ளிக்கும் பழைய பகை, அவர் பிழைத்துக்கொண்டதில் பத்திரிகைக்கு வருத்தம் என்றது ஒரு கட்சி. மற்றது, அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், அதைத்தான் நாசூக்காக எழுதியிருக்கிறார்கள் என்றது. மத்தியானம் பாட்சோய் கடையில் நூடுல்ஸ் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்த கிரிசாந்தோவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் இதைப் பற்றிப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் சூப்பை முடிக்காமல் எழுந்து வந்தான்.

"வார்த்தை போட்டாத்தானே வம்பு? போட்டோ போட்டுடுங்க. ஆளு சிரிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி. யாரும் தப்பா எடுத்துக்க முடியாது" என்றார் ஒஃபீலியா மேடம்.

பழைய படக் கிடங்கில் நல்ல படம் ஒன்று கிடைத்தது. கறுப்பு போ டை, வெள்ளைச் சட்டை, ஒரு கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார் கலெனெரோ. திருத்தத்தின் முழு வாசகத்தையும் ரோகேயிடம் இனி கொடுப்பதில்லை என்று கிரிசாந்தோ முடிவு செய்திருந்தான். வெட்டவே முடியாதபடி இரண்டே சொல்லில் ஒரு வாசகம் எழுதினான்: 'இன்றும் நம்முடன்.'

தலைப்பு எழுதுவதில் தனக்குக் கை இன்னும் போய்விடவில்லை என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது. அவன் எடுக்காமல் முதலில் பேப்பரை எடுத்தான். இரண்டாம் பக்கத்தில் ஒற்றைப் பத்திக்கு இடம் இரங்கல் பகுதியில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பகுதிக்குள் எதை வைத்தாலும் சுற்றிலும் கறுப்புக் கட்டம் தானாக விழுந்துவிடும். மேலே ஒரு மெழுகுவத்தியும் வரும். மெழுகுவத்திக்குக் கீழே கலெனெரோ கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கும் கீழே, இன்றும் நம்முடன்.

போன் விடாமல் அடித்தது. கடைசியில் எடுத்தான்.

"சார்."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"சார், நாளைக்குக் கண்டிப்பா..."

"உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லத் தெரியணும். ஆளு இருக்காருன்னு. அதைக்கூடச் சொல்லத் தெரியலையே" என்றார். குரல் உடைந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஊரின் ஹாரோ பகுதியில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில், முதல் சுற்றுக்கு முன்னால் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிப் பத்து முறை மணி அடித்தார்கள். மறைந்த குத்துச்சண்டைக்காரர்களுக்குச் செய்கிற மரியாதை. அதை வானொலியிலும் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு டிரக் வந்து விடிவெள்ளி அலுவலகத்தின் முன் நின்றது. ஆளுயர மலர்வளையங்கள் ஏழு, மூங்கில் கால்களோடு இறங்கின.

"இது ஏன் இங்க வருது?" என்றான் கிரிசாந்தோ.

"மோலோ பக்கம், கலெனெரோ வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம்" என்றான் டிரக்குக்காரன். "கேட்டுலயே ஒரு பெரியவர் வழிமறிச்சு, இதெல்லாம் விடிவெள்ளிக்குத்தான் சேரணும், அங்க கொண்டுபோய் வையுங்கன்னுட்டாரு. கையெழுத்துப் போடுங்க."

இடமில்லாததால் வளையங்களை மேசைகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். வாடகை விளம்பரம் கொடுக்க வந்த ஒரு அம்மாள் உள்ளே நுழைந்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, யார் போனது என்று மெல்லக் கேட்டாள். "யாரும் போகலைம்மா" என்று சொல்லிச் சொல்லி வரவேற்பில் இருந்தவளுக்கு வாய் வலித்தது. லூடி ஒரு வளையத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பப்பாளிக்காய் போட்ட கோழிச் சாறு எப்படிச் செய்வதென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"உப்பு எவ்வளவுன்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டு எழுதியிருக்கேண்ணே" என்றாள், தலை நிமிராமல்.

ஒஃபீலியா மேடம் வளையங்களை விலக்கிக்கொண்டு கிரிசாந்தோவின் மேசைக்கே வந்தார். அவர் அறையை விட்டு வெளியே வருவது அபூர்வம். கண்ணாடி கையில் இருந்தது.

"கிரிசாந்தோ, நீ நேர்ல போ. அவரோட உட்கார்ந்து பேசி, நாளைக்கு முதல் பக்கத்துல அவரோட பேட்டி வரணும். இனிமே அந்தாளுகிட்டேர்ந்து ஒரு போன் வந்தாலும், அதை எடுத்துப் பேச இந்த மேசையில வேற ஆளு இருப்பான்."

கிரிசாந்தோ போன் செய்தான். வரவே கூடாது என்று சொன்னவர், இந்த முறை கொஞ்சம் யோசித்தார்.

"சரி, மூணு மணிக்கு வா. நீ மட்டும். கேமரா கூடாது. வந்து எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லணும், உங்க பேப்பர்ல வந்தது பொய்னு."

மோலோ தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது வீடு. கிரிசாந்தோ ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கி, கேக் பெட்டியைச் சாய்க்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். கேட்டிலேயே ஒரு பெரியவர் காத்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி, உயரம், சலவைச் சட்டை. படத்தில் பார்த்த அதே நீள மூக்கு. வயதில் முகம் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தது. உயிரோடுதான் இருந்தார். மூன்று நாளில் முதல் முறையாகக் கிரிசாந்தோவுக்கு மூச்சு சீராக வந்தது.

அவர் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ள எங்கம்மா இருக்காங்க. தொண்ணூத்தாறு வயசு. இதயம் பலவீனம், அதிர்ச்சியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கண்ணு மங்கல், எங்க முகமெல்லாம் பனிமூட்டம் மாதிரிதான் தெரியும். குரலை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாங்க. ஆனா லென்ஸ் வச்சுக்கிட்டு உங்க பேப்பரை மட்டும் தினம் ஒரு வரி விடாமப் படிப்பாங்க. புதன்கிழமை அவங்க கைக்குப் பேப்பர் போனப்புறம்தான் எங்களுக்கே தெரியும். அன்னிலேர்ந்து நான் அவங்க பக்கத்துல உட்கார்ந்து, நான் இருக்கேம்மா, இருக்கேம்மான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க தினம் ஒண்ணு போட்டு அதைக் கெடுக்கறீங்க."

பெரிய எழுத்து எதற்கென்று கிரிசாந்தோவுக்கு இப்போது விளங்கியது. ஒரு மோட்டார் சைக்கிள் விளம்பரத்தை நகர்த்தியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுடுங்க சார். தெரியாமப் போச்சு."

"என்கிட்ட சொல்லாதே. அங்க சொல்லு."

கூடத்தில் சாய்வு நாற்காலியில் இசிட்ரா அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மிகச் சின்ன உருவம். மடியில் பேப்பர், அதன் மேல் லென்ஸ். பக்கத்தில் நடுவரின் மனைவி. அவளுடைய கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. கிரிசாந்தோ கேக்கை மேசையில் வைத்துவிட்டு முதலில் அவளைத்தான் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்கும் ரொம்பச் சங்கடம் கொடுத்துட்டோம். உங்க வீட்டுக்காரர் நூறு வயசு இருப்பாரு" என்றான்.

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து குழாய் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. அச்சில் ஒரு சின்னப் பிழை ஒரு பொம்பளையை இந்தப் பாடு படுத்துகிறதே என்று கிரிசாந்தோ வருந்தினான்.

அவன் மூதாட்டியின் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னான்.

"அம்மா, நான் விடிவெள்ளியிலேர்ந்து வந்திருக்கேன். புதன்கிழமை வந்தது முழுப் பொய். உங்க மகன் மாக்சிமோ நல்லா இருக்காரு. வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை வந்ததும் எங்க தப்பு. அந்தச் செய்தியை எழுதின பொண்ணு லூடி, அவளைச் சமையல் பக்கத்துக்கு மாத்திட்டோம். இனிமே இப்படி நடக்காது."

"அப்படியா" என்றாள் இசிட்ரா அம்மாள்.

"கேட்டீங்களாம்மா? நான் சொன்னேன்ல" என்றார் பெரியவர். அவர் முகத்தில் நாலு நாளாக இறக்கி வைக்காத சுமையை இறக்கினதுபோல் ஒரு தெளிவு.

அடுத்து பேட்டி. கிரிசாந்தோ நோட்டைத் திறந்தான்.

"நீங்க நடுவரா இருந்ததுல ரொம்பக் கஷ்டமான போட்டி எது சார்?"

"எல்லாமே கஷ்டம்தான்."

"ஒண்ணு சொல்லுங்களேன்."

"அது... நிறைய இருக்கு. எதைச் சொல்றது?"

இசிட்ரா அம்மாள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "செபுவுல, மழை பெஞ்ச அன்னிக்கு. மேடை வழுக்குதுன்னு நீ ஷூவைக் கழட்டிட்டு வெறுங்கால்ல நின்னு எண்ணினே."

"ஆமாம்மா. மறந்தே போச்சு."

"எட்டு எண்ணினதும் விளக்கு அணைஞ்சுபோச்சு. இருட்டுலயே ஒம்போது, பத்து எண்ணினே. வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிச் சிரிச்சே."

"ஆமா, ஆமா. இருட்டு."

கிரிசாந்தோ எழுதிக்கொண்டான். அடுத்து கேட்ட கேள்விகளுக்கும் இப்படித்தான் நடந்தது. பெரியவர் தடுமாறுவார், அம்மா எடுத்துக் கொடுப்பாள், அவர் தலையாட்டுவார். மகனைவிடத் தாய்க்கு ஞாபகசக்தி அதிகம் என்பதைப் பேட்டியில் ஒரு வரி சேர்க்கலாம் என்று குறித்துக்கொண்டான்.

"உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா சார்?"

"ஒரு தம்பி. செவரினோ. என்னைவிட ஒரு வயசு சின்னவன்" என்றார் பெரியவர், கொஞ்சம் அவசரமாக. "மணிலாவுக்குப் போயிருக்கான், ஒரு வேலையா. வர்றதுக்கு நாளாகும்."

கேக்கை வெட்டினார்கள். எல்லோரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டார்கள். நாலரை மணிக்குக் கிரிசாந்தோ எழுந்தான். முதல் பக்கத்துக்கு அருமையான பேட்டி கிடைத்துவிட்டது. மேசை பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்கலாம்.

"தம்பி" என்றாள் இசிட்ரா அம்மாள். "போறப்ப என்னைக் கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போ. நாலு நாளா இவன் என்னை நகரவே விடலை, பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான்."

"நான் வர்றேம்மா" என்று பெரியவர் எழுந்தார்.

"நீ உட்காரு. கேக்கைச் சாப்பிடு."

அவள் எடை ஒரு பறவையின் எடைதான் இருந்தது. கிரிசாந்தோவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக வைத்து நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். பேச்சு உள்ளே கேட்காத தூரம்.

"அந்தப் பொண்ணைச் சமையல் பக்கத்துக்கு மாத்திட்டதாச் சொன்னியே."

"ஆமாம்மா. உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் கொடுத்தவளை..."

"அவளைப் பழைய இடத்துலயே போடு, தம்பி" என்றாள் இசிட்ரா அம்மாள். "அவ சரியாத்தான் எழுதியிருக்கா, மாக்சிமோ போயிட்டான், உள்ள உட்கார்ந்திருக்கறவன் என் சின்னவன் செவரினோ, எனக்குத் தெரியும்கறது மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டாம், பாவம், தாங்க மாட்டான்."